உயர் விசுவாசம்: ஓர் ஆம்ப்ளிஃபயரின் முகப்பை வாசித்தல்

1

அருப்புக்கோட்டையில் நண்பர் ஒருவர் வீட்டில் சென்ற ஆண்டு ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைப் பார்க்க நேர்ந்தது. என்.ஏ.டி. 3020. 1978இல் வெளிவந்தது, எரிக் எட்வர்ட்சன் என்ற நார்வேக்காரர் வடிவமைத்தது. அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு தகரப்பெட்டி. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. சேனலுக்கு 20 வாட்தான். அது வந்த காலமோ வாட் கணக்கை வைத்து கம்பெனிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்த காலம். அந்தக் கணக்கில் பொய் எவ்வளவு கலந்ததென்றால், வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1974இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையமே விதி போட வேண்டிவந்தது. (அந்தப் பொய் நம்மூருக்கு 90களில் 'பி.எம்.பி.ஓ.' என்ற பெயரில் வந்து சேர்ந்தது. கையடக்க டேப் ரிக்கார்டரின் நெற்றியில் ஆயிரம் வாட் என்று எழுதியிருக்கும்.) அந்தப் பந்தயத்துக்கு வெளியே நின்று, 'இருபது போதும், ஆனால் அந்த இருபதும் நிஜமாக இருக்கட்டும்' என்று சொன்ன பெட்டி இது. இன்றைக்கும் பழைய ஆம்ப்ளிஃபயர் தேடி அலைகிறவர்கள் இதைக் கொண்டாடுவதற்கு நியாயம் உண்டு.

நண்பர் ஜன்னல்களைச் சாத்தினார். வெளியே விசைத்தறிச் சத்தம். அருப்புக்கோட்டையில் அது இல்லாத தெருவைத் தேடித்தான் போக வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நேர் நடுவில் ஒரு நாற்காலி. "இங்கதான் உக்காரணும். தள்ளி உக்காந்தா எஃபெக்ட் போயிரும்." உட்கார்ந்தேன். அதே 1978இல் ஸ்டீரியோவில் பதிவான 'பிரியா' படத்தின் இசைத்தட்டு சுழன்றது. கேட்டேன். பொய் சொல்லக்கூடாது, கண் கலங்கிவிட்டது. நாற்பது வருசமாக் கேட்ட பாட்டில் நான் கேட்டேயிராத வாத்தியங்கள் இருந்தன. (ஏன் கேட்டதில்லை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.)

பாட்டு முடிந்து பெட்டியின் முகப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னையறியாமல் கேட்டுவிட்டேன்: "இதுல மைக்கு எங்க சொருகுறது?"

நண்பர் சிரித்தார். "இது அந்த மாதிரி செட்டு இல்லப்பா."

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

'இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர்' என்பது இரண்டு காரியங்களை ஒரே பெட்டிக்குள் அடைத்தது. ஒன்று, பல இடங்களிலிருந்து வரும் மெலிந்த சமிக்ஞைகளைத் தேர்ந்து, திருத்தி, சமன்செய்யும் முன்பெருக்கி. மற்றது, அதை ஸ்பீக்கரை ஆட்டுகிற அளவுக்கு ஊட்டி வளர்க்கும் திறன்பெருக்கி. 3020இன் பின்புறத்தில் இந்த இரண்டையும் பிரித்தெடுக்க வழி வைத்திருந்தார்கள். சத்தம் அளவு மீறும்போது அலையின் தலையை வெடுக்கென்று வெட்டாமல் மழுங்க வெட்டும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. சின்னப் பெட்டி பெரிய பெட்டி மாதிரி கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முன்முகப்பை ஒரு பிரதியாக வாசிக்கலாம். இசைத்தட்டு, ரேடியோ, டேப், இன்னபிற என்று தேர்வுப் பொத்தான்கள். பேஸ், ட்ரெபிள். 'பேலன்ஸ்.' 'லவுட்னஸ்.' வால்யூம். தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்ஃபோனுக்கு ஒரு துளை.

இவற்றில் 'லவுட்னஸ்' என்ற பொத்தானை எடுத்துக்கொள்வோம். சத்தம் குறைந்தால் மனிதக் காது கீழ்ஸ்தாயியை அதிகமாக இழக்கிறது என்று 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் இந்தப் பொத்தான். இதற்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, கவனியுங்கள். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது, நேரம் இரவு, சத்தத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் சுகம் குறையக்கூடாது. தனி அறை உள்ளவரின் பிரச்சினை இது.

'பேலன்ஸ்' இன்னும் சுவாரசியமானது. இடது வலது இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே ஒலியைப் பங்கிடுவது அதன் வேலை. ஆனால் எந்த இடத்திலிருந்து பார்த்து இடது, வலது? நடுவில் ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது என்பது அந்தத் திருகின் முன்நிபந்தனை. ஒரே ஒரு நாற்காலி. இசை உலகம் முழுவதும் ஒரு தனிமனிதனின் மூக்குக்கு நேரே வந்து குவிகிறது. பூர்ஷ்வா தன்னிலை என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியதை இந்த ஒரு திருகு சொல்லிவிடுகிறது.

அப்புறம் அந்த வார்த்தை: 'ஹை ஃபிடலிட்டி'. தமிழில் சொன்னால் உயர் விசுவாசம். எங்கள் பக்கத்தில் விசுவாசம் என்பது பண்ணையாள் காட்ட வேண்டியது, நாய் காட்ட வேண்டியது. இங்கே அதைக் காட்டுவது எந்திரம். யாருக்கு? மூலத்துக்கு என்பார்கள். ஸ்டுடியோவில் ஒலித்ததைக் கூட்டாமல் குறைக்காமல் தருவதுதான் இலட்சியம் என்பார்கள். ஆனால் இசைத்தட்டின் கதை வேறு. தட்டில் வெட்டும்போதே கீழ்ஸ்தாயியைக் குறைத்து மேல்ஸ்தாயியைக் கூட்டி வெட்டுகிறார்கள். ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாகத் திருத்தித் தருகிறது. இந்தத் திருத்தக் கணக்கு 1954இல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பெயரில் பொதுவாக ஏற்கப்படும்வரை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கணக்கு வைத்திருந்தது. ஆக, விசுவாசம் என்பது இயற்கையில் கிடைத்ததல்ல, ஒப்பந்தம் போட்டு உண்டாக்கப்பட்டது. 2003இல் ஜொனாதன் ஸ்டெர்ன், மூலத்துக்கும் நகலுக்கும் உள்ள உறவைவிட, எந்திரத்தின்மீது நாம் வைக்கும் நம்பிக்கையே ஃபிடலிட்டி என்கிற தொனியில் விரிவாக எழுதினார். நம்பிக்கை வைக்கிறவர் யார், அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நாம் சேர்த்துக் கேட்கலாம்.

முகப்பில் இல்லாதது எது என்றும் பார்க்க வேண்டும். வாய் இல்லை. இந்தப் பெட்டி கேட்கிறவனுக்காக மட்டும் செய்யப்பட்டது. பேசுகிறவர்கள், பாடுகிறவர்கள் எல்லாம் எங்கோ ஏற்கனவே பேசி, பாடி முடித்துவிட்டார்கள்.

3

எங்கள் ஊர் திருச்சுழிப் பக்கம். குண்டாற்றில் தண்ணீர் ஓடிய நாட்களை விரல் விட்டு எண்ணலாம். கம்பு, சோளம், பருத்தி, மிளகாய், மல்லி. மழை பொய்த்தால் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம். அந்த ஊரில் சித்தப்பா 'ரேடியோ செட்' வைத்திருந்தார். மைக் செட் என்றும் சொல்வார்கள். ஹை-ஃபை என்ற சொல் எங்களுக்குத் தெரியாது. இந்தியாவில் அதற்கும் ஆள் இருந்தது. 1970இல் கல்கத்தாவில் சோனோடைன் தொடங்கியது. வெளிநாட்டுச் சாமான் வேண்டுமானால் பர்மா பஜார், அல்லது சிங்கப்பூர், துபாய் போய்த் திரும்புகிற சொந்தக்காரர். எங்களுக்கு வாய்த்தது ஆஹுஜா. 1940இல் டெல்லியில் தொடங்கிய கம்பெனி. இந்தியா முழுவதும் கோயிலிலும் கட்சி மேடையிலும் பள்ளிவாசலிலும் அந்தப் பெயர்தான்.

அதன் முகப்பையும் வாசிப்போம். இடமிருந்து முதல் வரிசையே மைக். மைக் ஒன்று, மைக் இரண்டு, மைக் மூன்று, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருகு. கடைசியில்தான் பாட்டுக்கு ஒன்று. அப்புறம் டோன், மாஸ்டர். பேலன்ஸ் கிடையாது, ஏனென்றால் நடு நாற்காலி கிடையாது. ஸ்டீரியோ கிடையாது. சித்தப்பா டேப்பிலிருந்து ஒரே ஒரு சேனலின் ஒயரை மட்டும்தான் எடுத்துச் சொருகுவார். மற்ற சேனலில் பதிந்திருந்த வாத்தியங்கள் எங்கள் ஊருக்கு வந்து சேரவே இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கியதற்கு இதுதான் காரணம். நாங்கள் பாதிப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

பின்பக்கம் இன்னும் முக்கியம். கரண்டிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். லோ வோல்டேஜில் டியூப்லைட் கண்சிமிட்டும் ஊரில் இது சின்ன விஷயமா? அடுத்தது 'நூறு வோல்ட் லைன்'. வீட்டு ஆம்ப்ளிஃபயர் எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு நூறு வாட் அனுப்ப மூன்றரை ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அதே நூறு வாட்டை ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து நூறு வோல்ட்டாக உயர்த்தினால் ஒரு ஆம்பியர் போதும். ஒயரில் வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே நஷ்டம் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைகிறது. மின்வாரியத்தின் உயரழுத்தக் கம்பியில் இருப்பதும் இதே சூத்திரம்தான். மெல்லிய ஒயரை புளியமரம், பனைமரம், தண்ணீர்த்தொட்டி என்று இழுத்துக்கொண்டு ஊர் முழுக்கக் குழாய் கட்டிவிடலாம்.

குழாய் என்பது கூம்பு ஒலிபெருக்கி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் வீட்டு ஸ்பீக்கர் ஏறக்குறைய 88 டெசிபல் தரும். குழாய் 105ஐத் தாண்டும். பதினேழு டெசிபல் வித்தியாசம் என்றால் ஐம்பது மடங்கு. குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம். அதற்கு விலை, கீழ்ஸ்தாயி முழுவதும் போய்விடும். தவில் தகரமாகிவிடும். நாதசுரமும் பெண்குரலும் கிழித்துக்கொண்டு போகும். மாரியம்மன் பொங்கலுக்கு எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் ஏன் மூன்று கண்மாய் தாண்டிக் கேட்டது என்பதற்குப் பக்தி மட்டுமா காரணம்? குழாயின் வடிவமும் ஒரு காரணம்.

'லோ ஃபை' என்று இதைச் சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இது வேறொரு விசுவாசம். தூரத்துக்கு விசுவாசம், பம்புசெட் ஓட்டிக்கொண்டிருப்பவனுக்கு விசுவாசம். முன்பெல்லாம் தெருமுனையோடு நின்றுபோன ஒப்பாரி, மைக் வந்தபிறகு பக்கத்து ஊருக்கும் கேட்டது. செத்துப்போன ஒரு சம்சாரியின் பெயரை அடுத்த ஊர் அறியச் சொன்னது அந்தத் தகரக் குரல்தான்.

4

குரலின் துல்லியம்தான் எல்லாம் என்பவர்கள் அருப்புக்கோட்டையின் 1977ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். நின்று வென்ற தொகுதி அருப்புக்கோட்டை. அந்த வெற்றியோடு முதலமைச்சரானார். 1967 ஜனவரியில் கழுத்தில் குண்டு பாய்ந்தபிறகு அவர் குரல் பழைய குரல் அல்ல. சொற்கள் குழறும், வல்லெழுத்துகள் மழுங்கும். அந்தக் குரலைக் குழாயில் போட்டால் இன்னும் மோசம். எந்த ஹை-ஃபை அளவுகோலிலும் தேறாத குரல்.

மக்கள் அதைக் கேட்டார்கள். தெளிவாகக் கேட்கவில்லை என்பதனாலேயே உற்றுக் கேட்டார்கள் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. குரலின் 'கரகரப்பில்' உடம்பு இருக்கிறது என்று 1972இல் ரோலண்ட் பார்த் எழுதினார். எங்கள் ஊர்க் கிழவிகளுக்கு பார்த் தேவைப்படவில்லை. "பாவம், தொண்டையில குண்டு வச்சிக்கிட்டுப் பேசுது" என்பார்கள். மதுரைப் பகுதியில் களப்பணி செய்த பெர்னார்ட் பேட், திராவிட மேடைப்பேச்சின் அழகியல் பற்றி 2009இல் நூலாகவே எழுதினார். மேடை, சொல், செந்தமிழ் எல்லாம் பேசப்பட்டுவிட்டன. ஆனால் மேடைக்குப் பின்னால் திருகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மைக் செட்காரரை நம் விமர்சனம் இன்னும் பார்க்கவில்லை.

5

இதுவரை சொன்னதை வைத்து, ஹை-ஃபை பூர்ஷ்வாக்களுடையது, மைக் செட் மக்களுடையது என்று கோடு கிழித்துவிட்டுப் போகலாம். இடதுசாரிக் கூட்டங்களில் கைதட்டு கிடைக்கும். ஆனால் எனக்கு அந்த வசதி இல்லை. காரணம் சித்தப்பாவின் செட்.

நூறு வோல்ட் லைனில் குழாய்கள் எல்லாம் பக்க இணைப்பில் இருக்கும். ஒன்றைக் கழற்றினால் மற்றவை நிற்காது. எந்தக் குழாய்க்கு எவ்வளவு வாட் என்பதையும் அந்தந்தக் குழாயிலேயே தீர்மானிக்கலாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது ஜனநாயகம் மாதிரி இருக்கும். ஊருக்குள் பார்த்தால் இதுவே சாதி. பொங்கல் சாட்டினால் கோயில் முன்னால் இரண்டு, பெரிய தெருவில் இரண்டு, கண்மாய்க் கரைப் புளியமரத்தில் காலனியைப் பார்த்து ஒன்று. சாமி கும்பிட உள்ளே வரக்கூடாத தெருவுக்கும் சாமி பாட்டு போய்ச் சேர வேண்டும். கேட்கிற கடமை உண்டு, பேசுகிற உரிமை கிடையாது. இப்போது அந்த 3020ஐ நினைத்துக்கொள்ளுங்கள். வாய் இல்லாத பெட்டி. மைக் இருக்கிற பெட்டியை வைத்தே ஒரு தெருவை வாயில்லாத தெருவாக ஆக்கிவிட எங்கள் ஊரால் முடிந்தது.

1991 ஏப்ரல். அம்பேத்கர் நூற்றாண்டு. காலனிப் பையன்கள் நாலு பேர் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றார்கள். "மொதலாளி, பதினாலாந்தேதிக்கு செட்டு வேணும். வாடக முன்னாலயே குடுத்துர்றோம்." அண்ணே என்றோ சித்தப்பா என்றோ கூப்பிடும் வழக்கம் அந்த வாசலில் அவர்களுக்குக் கிடையாது. சித்தப்பா யோசிக்கவே இல்லை. "ஆம்ளிபயர் ரிப்பேரா இருக்குப்பா. அருப்புக்கோட்டைக்குக் குடுத்தனுப்பணும்."

ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் இல்லை. அன்று காலையில்தான் நானும் அவருமாக பேட்டரி மாட்டி, மைக் தட்டி, ஒன் டூ த்ரீ சொல்லிப் பார்த்திருந்தோம். எனக்குப் பதினைந்து வயது. ஊதி ஊதி மைக் டெஸ்ட் செய்த வாய் அதே வாய்தான். ஒரு வார்த்தை வரவில்லை. வந்த நாலு பேரில் ஒருவன் என் வகுப்பு. அவன் என்னைப் பார்த்தான். நான் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன்.

சித்தப்பா கெட்ட மனிதர் இல்லை. இப்படித்தான் இந்த மாதிரிக் கதைகளை எல்லோரும் முடிப்பார்கள். அதனால் அதைச் சொல்லாமல் விடுகிறேன். கொடுத்திருந்தால் ஊர்த்திருவிழாவுக்கு அவர் செட்டைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பது உண்மை. 1957ஐ மறக்காத மண் இது. முதுகுளத்தூர் எங்களுக்குத் தூரமில்லை. பயமும் பிழைப்பும் சேர்ந்து 'ரிப்பேர்' என்ற ஒரு சொல்லாகின.

அவர்கள் அருப்புக்கோட்டையிலிருந்து செட் கொண்டுவந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: குழாயை ஊர்ப்பக்கம் திருப்பக்கூடாது. திருப்பவில்லை. கிழக்கே கருவேலங்காட்டைப் பார்த்துக் கட்டினார்கள். குழாய்க்கு முதுகும் உண்டு. முன்னால் போகிற சத்தத்தின் மிச்சம், உருவம் கலைந்து பின்னால் வரும். அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து அந்த மிச்சத்தைத்தான் கேட்டேன். யாரோ பேசினார்கள், ஒரு பெண் நெடுநேரம் பேசினாள், கைதட்டினார்கள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அன்று என்ன பேசினார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

6

ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்தில் வைக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. உச்சநீதிமன்றம் 2005இல் இதை உறுதிப்படுத்தியது. தமிழ்நாட்டில் கூம்புக் குழாய் கூடாது, பெட்டி ஸ்பீக்கர் மட்டும் என்ற நிபந்தனையைத் திருவிழா அனுமதிகளில் அடிக்கடி பார்க்கிறோம்.

இதை முழுக்க எதிர்ப்பதற்கில்லை. விடியற்காலை நாலு மணிக்குக் குழாய் அலறும் வீட்டில் நோயாளி படுத்திருந்தால் தெரியும். இன்னொரு மதத்தாரின் தொழுகை நேரம் பார்த்துக் குழாயைத் திருப்பி வைக்கிற தந்திரமும் தெரியும். ஆனால் விதியை ஊன்றிப் படியுங்கள். மண்டபம், கூட்ட அரங்கு போன்ற மூடிய இடங்களுக்கு உள்ளே நடப்பதற்கு இரவிலும் விலக்கு உண்டு. சுவர் உள்ளவனுக்கு விலக்கு. தெருவே மண்டபமாக இருக்கிற காலனிக்கு அனுமதிக் கடிதம், காவல் நிலைய வாசல், காத்திருப்பு. எது இசை, எது இரைச்சல் என்று பிரிப்பதிலேயே அதிகாரம் இருக்கிறது என்று ஜாக் அத்தாலி 1977இல் எழுதியது நம் தாலுகாக்களில் மனுவாகவும் முத்திரையாகவும் நடமாடுகிறது. குழாயை விட்டுப் பெட்டிக்கு மாறினால் அதே தூரத்துக்கு ஐம்பது மடங்கு மின்திறன் வேண்டும் என்ற கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் வைத்து, லாரியில் பெட்டி இறக்க யாரால் முடியும்? சட்டத்தில் எந்தச் சாதியின் பெயரும் இல்லைதான். டெசிபல் கணக்கில் எல்லோரும் சமம். செலவுக் கணக்கில் பார்த்தால் தெரியும்.

பழைய ஆம்ப்ளிஃபயரைச் சேகரிப்பவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல பொருளை, பழுது பார்க்கத் தோதாகச் செய்யப்பட்ட பொருளை, குப்பைக்குப் போகாமல் காப்பாற்றுகிறார்கள். ஆனால் 'பழைய ஒலி' என்று அவர்கள் ஏங்கும்போது, யாருடைய பழசு என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த ஏக்கத்தில் நாற்காலி இருக்கிறது, திண்ணை இல்லை. வாசலுக்கு வெளியே நின்ற நாலு பேர் இல்லவே இல்லை.

நம் வறண்ட பூமியின் மைக் செட்டுகளுக்கு ஒரு வரலாறு எழுதப்பட வேண்டும். வாடகை நோட்டுகள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்கு 'ரிப்பேர்' என்றார்கள், எந்தத் தெருவில் எத்தனை குழாய், எந்தப் பக்கம் பார்த்து. எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளலாம். செட் கொடுத்தவர்களிடம் மட்டும் கேட்டு எழுதினால் அது மறுபடியும் ஒரு சேனல் ஒயர்தான்.

சித்தப்பா இப்போது இல்லை. அவருடைய ஆம்ப்ளிஃபயர் என்னிடம் இருக்கிறது. போன மாதம் துடைத்து, பேட்டரி கொடுத்துப் பார்த்தேன். மைக் மூன்றும் வேலை செய்கின்றன. என் வகுப்புத் தோழன் ஊரில்தான் இருக்கிறான். அன்றைக்கு மேடையில் என்ன பேசினார்கள் என்று அவனிடம் இன்னும் நான் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அச்சாகி வருவதற்குள்ளாவது போய்க் கேட்டுவிட வேண்டும்.